முசுறுச் சுவர்

முசுறு எறும்பு கடித்தால் முதலில் எரியும். பிறகு கடித்த இடத்தில் ஒரு புளித்த மணம் நிற்கும். ஓகஸ்ட் விடுமுறை முழுக்கத் தயாளினியின் கைகளில் அந்த மணம்தான். தேசிக்காய் தேய்த்துக் கழுவினாலும் போகவில்லை. சோற்றில் கை வைத்தால் மூக்கில் ஏறியது. பள்ளிக்கூடத்துச் சித்திர ரீச்சர், நாற்பத்திரண்டு வயது மனுசி, சனசமூக நிலையத்துப் பின்வளவு மாமரத்தின் கீழ் பிளாஸ்ரிக் கதிரை போட்டு, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எறும்பு பார்த்தால் சனம் என்ன சொல்லும்? ரீச்சருக்கு விசர் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லும். சொன்னது.

அவளாகத் தேடிப் போன வேலை இல்லை இது. சண்டிலிப்பாயிலிருந்து அளவெட்டிப் பக்கம் போகிற வழியில் உள்ள அந்த ஊரில் கிணறுகள் கெட்டுப்போய்ப் பல வருடமாகிறது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரமும் மருந்தும் நிலத்துக்குள் இறங்கி, இப்போது வாளியில் ஏறி வந்துகொண்டிருந்தன. அந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குப் பருக்காதீர்கள் என்று மிட்வைப் அம்மா வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனாள். கனடாவில் இருக்கிற ஊர்க்காரர்கள் இரங்கி ஒரு சுத்திகரிப்பு மெசின் வாங்கித் தந்தார்கள். அதைச் சனசமூக நிலைய வளவில் வைத்து, பக்கத்தில் நீளமாக ஒரு சுவரும் எழுப்பினார்கள். நிலையத்தின் செயலாளர் சுதாகரன் தயாளினியின் கணவன். தலைவர் பரமலிங்கம் சுதாகரனின் தாய்மாமன், ஓய்வுபெற்ற அதிபர். வாயைத் திறந்தால் பிரசங்கம்.

"சுவரிலை எறும்புப் படம் கீறும், பிள்ளை," என்றார் அவர். "எறும்பின்ரை ஒற்றுமையைப் பாத்து எங்கடை சனம் திருந்தட்டும்."

கீறுவதென்றால் பார்த்துத்தான் கீறுவேன் என்று தயாளினி மாமரத்தடிக்குப் போனாள். போனவளுக்கு எறும்பு உண்மையாகவே பிடித்துப்போனது. இரண்டு இலைக்கு நடுவில் இரண்டங்குல இடைவெளி. ஒரு முசுறு மற்றதின் இடுப்பைக் கவ்வ, அதன் இடுப்பை இன்னொன்று கவ்வ, ஐந்தாறு சேர்ந்து பாலம் போட்டு இழுத்து இலையை இலையோடு சேர்த்தன. சேர்த்த இலையைத் தைக்க நூல் வேண்டுமே? தங்கள் புழுக்களைத் தூக்கி வந்து, அதுகளின் வாயிலிருந்து நூலை எடுத்தே தைத்தன. அவள் பக்கம் பக்கமாகக் கீறினாள்.

அருவருப்பும் பட்டாள். ஒருநாள் வேலியோரப் பூவரசில் இருந்த முசுறு ஒன்றைத் தடியில் ஏற்றிக்கொண்டு வந்து மாமரத்தில் விட்டுப் பார்த்தாள். சும்மா ஒரு பரிசோதனைக்கு. மாமரத்து முசுறுகள் வந்து மோந்து பார்த்தன. வேற்று மரம் என்று தெரிந்ததும் காலுக்கு ஒன்றாகக் கவ்விக்கொண்டு ஆறு பக்கமும் இழுத்தன. ஒரு மத்தியானம் முழுக்க இழுத்தன. அது சாகவும் இல்லை, விடுபடவும் இல்லை. தயாளினியால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. கொண்டுவந்து விட்டவளும் நான்தானே என்று தன்மேலும் எரிச்சல் வந்தது. கொப்பியை மூடிவிட்டு எழும்பிப் போனாள்.

வளவுக்குப் பின்னால் ஒடுங்கிப் போகும் பின் ஒழுங்கையில் இருக்கும் பூரணம் அந்தப் பக்கத்தால் போகும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்ப்பாள். சைக்கிளின் பின்னால் இரண்டு தண்ணிக் கான் கட்டியிருக்கும். அவளுடைய ஒழுங்கையில் பதினெட்டு வீட்டுக்கு ஒரே கிணறு, அதுவும் புகையிலைத் தோட்டத்துக்கு நடுவில். ஊரிலேயே கெட்ட தண்ணீர் அதுதான். காலையும் மாலையும் மூன்று கிலோமீற்றர் சந்திக்குப் போய், அங்கே இருக்கிற பொதுத் தாங்கியில் பிடித்து வருவாள். மெசின் வைக்க அத்திவாரம் வெட்டியது அந்த ஒழுங்கைச் சனம்தான். மூன்று ஞாயிறு, கூலியில்லாச் சிரமதானம். பூரணமும் மண் சுமந்தாள்.

"இனி ரெண்டு எட்டிலை தண்ணி ரீச்சர்," என்பாள். "இந்தச் சைக்கிளைக் கொண்டே எங்கையாவது எறியப்போறன்."

"எறியாதை பூரணம், எனக்குத் தா," என்று தயாளினி சிரிப்பாள். பூரணம் அவளைவிட ஆறு வயது மூத்தவள். ஆனாலும் வெறும் பெயர்தான். அக்கா என்று ஒருநாளும் வாயில் வந்ததில்லை. அது வரவில்லையே என்று யோசித்ததுமில்லை.

சுவரில் வேலை பாதி முடிந்தபோது பரமலிங்கம் பார்வையிட வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பறைக்குள் வந்த அதிபர் மாதிரியே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தார். நடுவில் நின்றார்.

"இதென்ன பிள்ளை, ரெண்டு எறும்பு கொஞ்சிக்கொண்டு நிக்குது?"

"கொஞ்சேல்லை மாமா. ஒண்டு தான் குடிச்சதை மற்றதுக்கு வாயிலை குடுக்குது. அதுகள் அப்பிடித்தான். ஒண்டு குடிச்சால் கூட்டத்துக்கே பங்கு போகும். நான் பாத்ததுக்குள்ளை பெரிய ஒற்றுமை உதுதான்."

"வாயிலையிருந்து வாய்க்கோ? சீச்சீ! எச்சிலெல்லே!" அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்த முகமாகிவிட்டது. "ஆக்கள் தண்ணி குடிக்கிற இடத்திலை உந்த அருவருப்பை ஏன் கீறுறீர்? உதை அழியும், அழியும். வரிசையாப் போற எறும்பு மட்டும் காணும்."

"மாமா சொல்லுறதும் சரிதானே தயா," என்றான் சுதாகரன். மாமா சொல்வது அவனுக்கு எப்போதும் சரிதான்.

அழித்தாள். வெள்ளை பூசி மறைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மாவிலையைக் கீறினாள். கை கீறியது, மனம் கசந்தது.

மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தால் அந்த மாவிலைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை. உளி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. குருநகரிலிருந்து வந்த பைப் வேலைக்காரன் பிரகாஸ் பின்பக்கம் குந்தியிருந்து உடைத்துக்கொண்டிருந்தான். தயாளினி சுற்றிக்கொண்டு போனாள்.

"என்ன பிரகாஸ், என்ரை சுவரை உடைக்கிறீங்கள்?"

"பின்னாலை ஒரு பைப் வருது ரீச்சர். உங்களுக்குச் சொல்லேல்லையே?"

"பின்னாலை ஏன்?"

பிரகாஸ் காதில் செருகியிருந்த பென்சிலால் தலையைச் சொறிந்தான். "நான் குருநகர் ஆள். உங்கடை ஊர்ச் சங்கதி எனக்கென்னத்துக்கு? ரெண்டு தாங்கி, ரெண்டு பைப் எண்டிச்சினம். றோட்டுப் பக்கத்தாலை வாற ஆக்களுக்கு முன்னாலை, பின் ஒழுங்கையாலை வாற ஆக்களுக்குப் பின்னாலை. நடுவிலை சுவர்."

தயாளினி சுவரைப் பார்த்தாள். இவ்வளவு நீளத்துக்கு ஏன் கட்டினார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் அவள் கேட்கவில்லை. படம் கீறுவதற்கு என்றல்லவா நினைத்திருந்தாள்! முன்னால் நிற்கிறவனுக்குப் பின்னால் நிற்கிறவன் தெரியக்கூடாது, அவ்வளவுதான் காரியம். அந்த மறைப்பில் இரண்டு கிழமையாக இருந்து ஒற்றுமை கீறியிருக்கிறாள். வேலியோரம் போய்த் துப்பினாள்.

அன்று மத்தியானம் சுதாகரன் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, உந்தப் பின் பைப் என்னத்துக்கு?"

"அவைக்கு வசதியா இருக்கட்டும் எண்டுதான். முன்னுக்குச் சுத்தி வரத் தேவையில்லையெல்லே."

"அப்ப எங்களுக்கு அவசரமெண்டால் பின்னாலை போய்ப் பிடிக்கலாமோ?"

அவன் கண்ணாடியைக் கழற்றி உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். "நீர் ஏன் இப்ப உதெல்லாம் கிண்டுறீர்? ஆரும் ஒண்டும் சொல்லேல்லை. அவையும் ஒண்டும் சொல்லேல்லை. நல்ல காரியம் ஒண்டு நடக்குது, குழப்பாதையும்."

பார்த்தீர்களா, என்ன ஒரு வழவழப்பு! சாதி என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. வராது. கலியாணத் தரகரிடம் மட்டும் அந்தச் சொல் வரும். மற்ற இடமெல்லாம் வசதி, நெருக்கம், பிரச்சினை வேண்டாம், அவ்வளவுதான். இந்த மனுசன் குழம்பு விட்டுப் பிசைந்து பிசைந்து சாப்பிடுவதைப் பார்க்கவே தயாளினிக்கு அருவருத்தது. பதினாறு வருடமாகப் பார்க்கிற கைதான்.

அடுத்த நாள் தாங்கிகள் ஏறின. பெரிய தாங்கி முன்பக்கத்துக்கு, சின்னத் தாங்கி பின்பக்கத்துக்கு. சுவரோரம் கட்டிய சாரத்தில் ஏறி நின்று தூரிகை பிடித்தபடி தயாளினி பார்த்தாள். மெசினிலிருந்து வருகிற குழாய் நேரே சின்னத் தாங்கிக்குள் போனது. சின்னத் தாங்கியின் மேல் விளிம்பிலிருந்து இன்னொரு குழாய் பெரிய தாங்கிக்கு வந்தது.

"இதென்ன பிரகாஸ், தண்ணி முதல் பின்தாங்கிக்கோ போகுது?"

"ஓம் ரீச்சர். மெசினும் மோட்டரும் பின்னாலைதானே நிக்குது. கிட்டக் கிடக்கிறது முதல் நிரம்பும். அது நிரம்பி வழியிறது முன்தாங்கிக்கு வரும். வேறை வேறையா எடுக்கிறதெண்டால் இன்னொரு மோட்டர் வேணும். வேண்டாமெண்டிட்டினம்."

"உதை அவைக்குச் சொன்னீங்களோ?"

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான். ஆர் கேட்டவை? ரெண்டும் தொடாமல் இருந்தால் சரி எண்டார் தலைவர்."

தயாளினிக்குச் சிரிப்பு வந்தது. சாரம் ஆடியது. அடக்க அடக்க வந்தது. தண்ணீரைப் பிரிக்கிறோம் என்று இவ்வளவு பாடுபட்டவர்கள், கடைசியில் அந்தச் சனத்தின் மிச்சத்தைக் குடிப்பதற்கு ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார்களே! தங்கள் கையாலேயே, தீர்மானம் நிறைவேற்றி! அன்று பின்னேரம் பூரணத்தின் சைக்கிள் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னாள்.

பூரணம் சிரிக்கவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள்.

"உதை வேறை ஆருக்கும் சொன்னீங்களோ ரீச்சர்?"

"இல்லை."

"சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சால் மாத்திப்போடுவினம். மாத்தினால் அவையின்ரை தாங்கி வழிஞ்சால்தான் எங்களுக்குத் தண்ணி. முந்நூறு வீடு முன்னுக்குப் பிடிச்சால் பேந்து எங்கை வழியிறது?"

"உனக்குக் கோவம் வரேல்லையே பூரணம்? சுவரெல்லே கட்டி வைச்சிருக்கினம்!"

"கோவத்தைக் கானுக்குள்ளை விட்டுக் குடிக்கேலுமே?" என்றாள் பூரணம். "பைப் முன்னாலை கிடந்தாலென்ன, பின்னாலை கிடந்தாலென்ன. எனக்கு இப்ப தண்ணி வேணும். மிச்சத்தை எங்கடை பிள்ளையள் வளந்து கேக்கட்டும். நீங்கள் பேசாமல் இருங்கோ, அது காணும்."

"சத்தியமாச் சொல்லமாட்டன்," என்றாள் தயாளினி. கையிலடித்தும் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. வாழை கட்டி, குத்துவிளக்கு வைத்து, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். கனடாக்காரர் பார்க்கவென்று ஒருவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நேரலை விட்டுக்கொண்டிருந்தார். சுவர் வெயிலில் பளிச்சென்று நின்றது. நூற்றுக்கணக்கில் முசுறுகள், பாலம் போட்டு, இலை இழுத்து. எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். பின் ஒழுங்கைச் சனம் சுவரின் ஓரமாக, வந்தும் வராததுமாக நின்றது.

பரமலிங்கம் அரை மணித்தியாலம் பேசினார். "எறும்பைப் பாருங்கள்! அங்கே பெரியவன் உண்டா, சிறியவன் உண்டா? ஒரே வரிசை, ஒரே உணவு!" கைதட்டல். தயாளினி முன்வரிசைக் கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கைப் பல்லுக்குள் வைத்துக் கடித்தாள். சத்தியம் பண்ணியிருக்கிறேன், சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

நாடா வெட்டி, முன் பைப்பைத் திறந்தார்கள். கடதாசிக் குவளைகளில் தண்ணீர் பிடித்துத் தட்டில் வைத்துச் சுதாகரன் எல்லாருக்கும் நீட்டிக்கொண்டு வந்தான். அப்போது பின் ஒழுங்கைச் செபநாயகம், அத்திவாரக் கிடங்கில் மூன்று ஞாயிறும் நின்று கல் பிரட்டிய மனுசன், வெயில் தாங்காமல் வந்து தட்டில் கை வைக்கப் போனார். சுதாகரன் தட்டை மெல்ல உயர்த்தினான். மற்றக் கையால் அவர் முழங்கையைப் பிடித்தான்.

"அண்ணை, உங்களுக்குப் பின்னாலை இருக்கு. அங்கை நெருக்கமில்லை, ஆறுதலாக் குடிக்கலாம்," என்று சிரித்தான். எவ்வளவு மரியாதையான சிரிப்பு! செபநாயகமும் பதிலுக்குச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

முசுறு இழுத்துக் கொன்றாலும் சிரித்துக்கொண்டு கொல்லாது. அந்தச் சிரிப்பைக் கண்டதும் தயாளினி கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், "படம் கீறின ரீச்சர் ரெண்டு வார்த்தை கதைப்பா."

எழும்பும்போது நன்றி சொல்லிவிட்டு வந்து உட்காருகிற எண்ணம்தான். மைக்கைப் பிடித்தாள்.

"இந்தச் சுவரிலை ரெண்டு எறும்பு இருந்தது. ஒண்டு குடிச்சதை மற்றது குடிக்கிற படம். அருவருப்பு எண்டு அழிக்கச் சொன்னவை, அழிச்சனான். ஆனால் நீங்கள் இப்ப கையிலை வைச்சிருக்கிறீங்களே, அதுவும் மிச்சம்தான். தண்ணி முதல் பின்தாங்கிக்குப் போகுது. அங்கை நிரம்பி வழிஞ்சதுதான் உங்கடை பைப்பிலை வருது. நம்பாட்டில் போய்ப் பாருங்கோ. நல்ல தண்ணி, குடியுங்கோ!"

பரமலிங்கத்தின் வாயில் அப்போதுதான் ஒரு மிடறு. விழுங்க முடியவில்லை. கனடா பார்த்துக்கொண்டிருக்கிறது, துப்பவும் முடியவில்லை. இரண்டு கன்னமும் உப்ப, கண் பிதுங்க, சபைக்கு நடுவில் அப்படியே நின்றார். ஒற்றுமையை வாயில் வைத்துக்கொண்டு அந்த மனுசன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கடைசியில் மூக்கால் வந்தது. பொன்னாடையால் பொத்திக்கொண்டார். பின்னால் யாரோ ஓங்காளித்தார்கள். குவளைகள் ஒன்றொன்றாக மேசைக்குத் திரும்பின. சுதாகரன் முகத்தில் ஈயாடவில்லை.

தயாளினிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்படி ஒரு இன்பம் அவள் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. மைக்கை வைத்துவிட்டுத் திரும்பியபோது சுவரோரம் நின்ற பூரணத்தைக் கண்டாள். பூரணம் பரமலிங்கத்தைப் பார்க்கவில்லை. தாங்கியைப் பார்க்கவில்லை. தயாளினியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுமொழி பின்னேரமே வந்தது. பிரகாஸைக் கூப்பிடவில்லை. வேறு ஆளைக் கொண்டுவந்து குழாயை மாற்றினார்கள். பெரிய தாங்கியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். யாரும் பார்க்காத நேரம் மஞ்சள் தண்ணீரும் தெளித்தார்கள். இனித் தண்ணீர் முதலில் முன்தாங்கிக்கு. அது நிரம்பி வழிந்தால் பின்தாங்கிக்கு. 'தொழில்நுட்பத் திருத்த வேலை' என்று அறிவித்தல் ஒட்டினார்கள். எழுதியவன் சுதாகரன். முத்து முத்தான எழுத்து. வீட்டுக்கு வந்தவன் தானே சோற்றைப் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போனான்.

அவன் ஒதுங்கியது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவனைப் பார்த்து வந்த அருவருப்பு இப்போது பக்கம் மாறி அவளிடமே வந்து நின்றது. ஒரு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். பூரணம் கேட்டதும் அவ்வளவுதான். தன் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட வேண்டும் என்று பதினெட்டு வீட்டுத் தண்ணீரையும் சேர்த்துக் கொட்டிவிட்டாள். ஊர் பார்க்க நல்லவளாக நின்றது எவ்வளவு இனித்தது! சீ என்றிருந்தது.

சனிக்கிழமை விடியக் காலமே எழும்பி இரண்டு கானை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். முன் பைப்பில் ஏற்கெனவே முப்பது நாற்பது பேர் வரிசை. நின்று, பிடித்து, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு சுவரைச் சுற்றிப் பின்னால் போனாள். பின் பைப்பில் காற்றுத்தான் வந்துகொண்டிருந்தது. பூரணம் அதை இறுக்கிப் பூட்டிவிட்டு, வெறுங் கான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பூரணமக்கா," என்றாள் தயாளினி. சொல் புதிதாய் வாயில் தடக்கியது. "இந்தாங்கோ. இனி ஒவ்வொருநாளும் நான் முன்னாலை பிடிச்சுக் கொண்டுவந்து தாறன். நீங்கள் சந்திக்குப் போக வேண்டாம்."

பூரணம் கயிற்றை முடிந்துகொண்டே இருந்தாள். முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"என்ரை அம்மா உங்கடை கிணத்தடியிலை குடத்தோடை காத்துக்கொண்டு நிப்பா, ரீச்சர். வாளியைத் தொடக்கூடாதெல்லே, உங்கடை மாமி வந்து அள்ளி ஊத்துமட்டும். மத்தியானமானாலும் நிப்பா." குரலில் கோபம் இல்லை. "உங்கடை கையாலை வாங்கிக் குடிக்கிறதுக்கோ நாங்கள் அத்திவாரம் வெட்டினது?"

அவள் சைக்கிளில் ஏறிச் சந்திப் பக்கம் போனாள். தயாளினி இரண்டு நிறை கான்களையும் பிடித்தபடி பின் பைப்பின் முன்னால் நின்றாள். விரல்கள் நொந்தன. அவற்றை எங்கே இறக்கி வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.